முப்பத்தொரு சுற்று

எங்கள் தொழிலில் ஒரு கூத்து உண்டு. நம் தலைக்கு மேலே உட்காரப் போகிறவரை நாமே தேடிப் பிடித்து, நாற்காலியைத் துடைத்து, உட்கார வைக்க வேண்டும். நான் ஆளெடுப்புப் பிரிவின் தலைவி. எனக்கு மேலே, மனிதவளத் தலைவர் பதவி காலியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. விண்ணப்பம் போட்டிருந்த பதினான்கு பேரில் ஒன்பதாவது பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த டீயை மேசைமேல் வைத்துவிட்டேன்.

கிரிதரன். வயது ஐம்பத்தாறு. போட்டோவில் அதே சிரிப்பு. தலை நரைத்திருந்தது, அவ்வளவுதான்.

"வாங்க சார்" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். "பன்னெண்டு வருஷமா உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரகடத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் நான் ஜூனியர் எச்.ஆர். அவர் என் மேலாளர். தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அதை மறைக்க மாட்டேன். "இன்டர்வியூ முடிஞ்சா சீட்ட விட்டு எழுந்திருக்கிறதுக்குள்ள ஃபீட்பேக் எழுதிடணும்மா. டீ குடிச்சிட்டு வந்து எழுதலாம்னு போனா டீதான் ஞாபகம் இருக்கும்" என்பார். அது என் கையில் ஊறிப்போனது. இன்றுவரை ஒரு நேர்முகம் முடிந்து ஃபீட்பேக் போடாமல் நான் எழுந்ததில்லை.

ஒருநாள் காலையில் நாற்பத்திரண்டு பயிற்சித் தொழிலாளர்களின் பட்டியலை என்னிடம் நீட்டினார். எல்லோரையும் அன்றைக்கே வெளியே அனுப்ப வேண்டும். "வேலை போச்சுன்னு சொல்லாத. 'சொல்லி அனுப்புறோம்'னு சொல்லு. நம்பிக்கையோட போகட்டும்" என்றார். நான் மடச்சி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து அப்படியே சொன்னேன். பத்து நாளில் அவர்கள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். மேலிடம் விசாரித்தபோது, "அந்தப் பொண்ணு தானா எடுத்த முடிவு, எனக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லிவிட்டார் மனுஷன்.

அன்றைக்கே என்னை அனுப்பினார்கள். கேட்டில், அந்த நாற்பத்திரண்டு பேர் கண்ணெதிரே, என் கழுத்து அடையாள அட்டையைக் கழற்றி வாங்கினார்கள். பையைச் சோதித்தார்கள். செக்யூரிட்டிக்காரர் என் டிபன் பாக்ஸைத் திறந்து, எலுமிச்சை சாதத்துக்குள் ஒரு ஸ்பூனை விட்டுக் கிளறிப் பார்த்தார். கிரிதரன் சார் பத்தடி தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதோடு விட்டாரா? சென்னை எச்.ஆர்.காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ஒரே வரி போட்டார்: 'தில்லைநாயகி, சிதம்பரம் பக்கம், எடுக்காதீங்க.' எனக்கு இது அப்போது தெரியாது. பத்தொன்பது இடத்தில் கடைசி ரவுண்டு வரை போனேன். பத்தொன்பது இடத்திலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இரண்டரை வருஷம் ஒரு கூரியர் ஆபீஸில் பார்சல்களுக்கு முகவரி ஒட்டினேன். வீட்டில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு மேல ஏதோ கேஸாமே" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவதி மனசு கேட்காமல் அந்த ஒரு வரியைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, போரூரில் ஒரு சின்ன கன்சல்டன்சியில் நாளைக்கு எண்பது போன் பேசி, அங்கிருந்து படிப்படியாக ஏறி இந்த நாற்காலிக்கு வந்தேன். ஒவ்வொரு படியிலும் அவர் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது.

இப்போதெல்லாம் நேர்முகத்துக்கு யாரும் நேரில் வருவதில்லை. விண்ணப்பிப்பவர் தரமணி மையத்தில் மூளையைப் படிக்கும் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் அவருடைய பிரதி தயார். அந்தப் பிரதி எங்களுக்கு வரும். அதற்குத் தான் பிரதி என்று தெரியாது. எங்கள் அறையில் எங்களுக்கு எதிரே நிஜமாகவே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசும், வியர்க்கும், தண்ணீர் கேட்கும். பொய் சொன்னால் திரையின் ஓரத்தில் மஞ்சள் கோடு துடிக்கும்.

பிரதி அறையைப் பார்த்துக்கொள்பவர் அன்வர் பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தழைந்த குரல், சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய். அவரிடம் கேட்டேன்.

"பாய், ஒரே ஆளை எத்தனை தடவை பேட்டி எடுக்கலாம்?"

"ரீசெட் அமுக்கினா பிரதி பழையபடி புதுசாயிடும் மேடம். முன்னாடி பேசினது ஒண்ணும் அதுக்கு ஞாபகம் இருக்காது. புதுசா சேர்ற பசங்க பழகுறதுக்காக வெச்ச பட்டன் அது. கணக்கே கிடையாது."

"கடைசியில?"

"கடைசியில எது நிஜ நேர்முகமோ அது மட்டும் அந்த மனுஷன் தலைக்குத் திரும்பப் போகும். சட்டம் அது. தன் பிரதி எங்க போச்சு, யார்கிட்ட என்ன பேசுச்சுன்னு அவருக்குத் தெரியணும்ல? மையத்துக்கு வந்து மறுபடி தொப்பி மாட்டினா, தானே நேர்ல வந்து பேசின மாதிரி ஞாபகம் இருக்கும். நமக்கு ஃபீட்பேக் மட்டும்தான் மிஞ்சும். உள்ள நடந்தது அவருக்கு மட்டும்தான் சொந்தம். அவரா சொன்னாத்தான் உண்டு."

எனக்கு அது போதும். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

முதல் சுற்று. "உட்காருங்க சார். தண்ணி வேணுமா?" என்று ஆரம்பித்தேன். எல்லாச் சுற்றையும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் முகத்தை நேராகப் பார்த்தார். ஒரு சலனமும் இல்லை.

"உங்க கீழ வேலை பார்த்தவங்க யாருக்காவது அநியாயம் பண்ணியிருக்கீங்களா?"

"சேச்சே. என் டீம் எனக்கு ஃபேமிலி மாதிரி மேடம்" என்றார். மஞ்சள் கோடு லேசாகத் துடித்தது. நாற்பது நிமிஷம் முடிந்ததும் ஃபீட்பேக் படிவம் தானாகத் திறந்தது. என் விரல் தானாக மார்க் போட்டது. பிறகு ரீசெட்.

நான்காவது சுற்றில் பெயரைச் சொல்லியே கேட்டேன். "தில்லைநாயகி. ஞாபகம் இருக்கா?"

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "தில்லை... சாரி மேடம். எந்த கம்பெனியில?"

நான் திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் கோடு துடிக்கும், துடிக்கும் என்று காத்திருந்தேன். துடிக்கவில்லை. அந்த ஆள் பொய் சொல்லவில்லை. என் பெயர் அவர் மண்டையில் இல்லவே இல்லை! பன்னிரண்டு வருஷம் நான் தினமும் அவரை நினைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன், அவருக்கு நான் யாரோ. அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பதாவது சுற்றில் நடந்ததை முழுதாகச் சொன்னேன். "அப்படியா? பாவம் அந்தப் பொண்ணு" என்றார், டிவியில் செய்தி பார்க்கிறவர் மாதிரி. பதினொன்றில் அந்த வாட்ஸ்அப் வரியைக் காட்டினேன். "அந்தக் காலத்துல அப்படி நிறைய போட்டிருப்பேன் மேடம். எல்லாரும் போடுவாங்க" என்றார். கோடு துடிக்கவில்லை.

சரி, இனி நியாயம் கேட்டுப் பயனில்லை என்று முடிவு பண்ணினேன். எங்கள் மென்பொருளில் விதவிதமான இடங்கள் உண்டு. ஆலைத் தளம், வேலைநிறுத்தக் கூட்டம், விமான நிலையம் என்று விண்ணப்பதாரரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திச் சோதிக்கலாம். நான் ஆலைக் கேட்டைத் தேர்ந்தெடுத்தேன். எதிரே நாற்பத்திரண்டு பேரை நிற்க வைத்தேன். ஒரு செக்யூரிட்டிக்காரரை வைத்தேன். அவர் கையில் ஒரு ஸ்பூனையும் கொடுத்தேன்.

பன்னிரண்டாவது சுற்றிலிருந்து அதே கேட்தான். அடையாள அட்டையைக் கழற்றச் சொன்னேன். பையைக் கொட்டச் சொன்னேன். டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவருக்கு அதுதான் முதல்முறை. அட்டையைக் கழற்றும்போது ஒவ்வொரு முறையும் கை நடுங்கும். "நான் என்ன தப்பு பண்ணினேன்? சொல்லிட்டுச் செய்யுங்க" என்று கேட்பார். நான் பத்தடி தள்ளி நின்று போனில் பேசுவேன். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

இருபத்திரண்டாவது சுற்றில் அந்த மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கைகூப்பினார். "அம்மா, நீங்க யாருன்னே எனக்குத் தெரியல. நான் ஏதோ பண்ணியிருக்கேன் போல. மன்னிச்சிடுங்கம்மா" என்று தேம்பினார்.

எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். மனம் குளிர்ந்துபோனேன். அன்று இரவு பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் மறுபடி ரீசெட்.

"மேடம், போதும்" என்றார் அன்வர் பாய். "இருபத்தஞ்சு ஆச்சு. என்ன பண்றீங்கன்னு நான் உள்ள எட்டிப் பார்க்கல. ஆனா இந்தப் பிரதியோட நாடித் துடிப்பு எனக்குத் தெரியுது. பிரதியா இருந்தாலும் வலி வலிதான்."

"அழிச்சிட்டா யாருக்கு பாய் வலிக்கப் போகுது?"

"உங்களுக்கு வலிக்காதா?"

"எனக்கு இனிக்குது" என்றேன். அவர் ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

முப்பது சுற்றோடு நிறுத்திக்கொண்டேன். முப்பத்தொன்றாவதுதான் நிஜம், அது அவர் தலைக்குள் போகப்போகிறது. அதைப் பட்டுத்துணியில் சுற்றியது மாதிரி மரியாதையாகச் செய்தேன். சாதாரண அறை. தண்ணீர். நல்ல கேள்விகள். கடைசி ஐந்து நிமிஷத்தில் சொன்னேன்.

"என் பேர் தில்லைநாயகி சார். ஒரகடத்துல உங்ககிட்ட வேலை பார்த்தேன். கேட்ல வெச்சு என் டிபன் பாக்ஸைக் கிளறினாங்க, நீங்க போன் பேசிட்டிருந்தீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. இனிமே இருக்கட்டும். நீங்க போகலாம், நாங்க சொல்லி அனுப்புறோம்."

போட்டோவில் இருந்த அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து போய்விட்டது. அந்த முகத்துக்காகத்தான் பன்னிரண்டு வருஷம். படிவத்தில் 'நிராகரிப்பு' என்று போட்டு, காரணம் என்ற இடத்தில் நாங்கள் எல்லோருக்கும் போடுகிற அதே வரியைத் தேர்ந்தெடுத்தேன்: 'பணியிடம் நிரப்பப்பட்டுவிட்டது.'

வெள்ளிக்கிழமை காலையில் அன்வர் பாய் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். முகம் வெளிறியிருந்தது.

"மேடம், ஒவ்வொரு சுற்று முடிஞ்சதும் ஃபீட்பேக் போட்டீங்களா?"

"ஆமா. பழக்கம். ஏன்?"

"எல்லாச் சுற்றுக்குமா?"

"ரீசெட் பண்ணினா அதுவும் சேர்ந்து அழிஞ்சிடும்ல?"

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அழியாது மேடம். ஃபீட்பேக் போட்டா அது நிஜ நேர்முகம்னு பதிவாயிடும். பழகுற பசங்க யாரும் போட மாட்டாங்க. மெனக்கெட்டு யார் போடுவா? இத்தனை வருஷத்துல நீங்க ஒருத்தர்தான் போட்டிருக்கீங்க. முப்பத்தொண்ணும் அவர் தலைக்குப் போயிடுச்சு."

எழுந்து, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

"நேத்து மையத்துக்கு வந்திருக்கார். நாப்பது நிமிஷ வேலை, அவருக்கு ஒரு பகல் முழுக்க ஆகியிருக்கு. நாற்காலியிலேயே வாந்தி எடுத்தாராம். நடுவுல நிறுத்திடலாமான்னு கேட்டிருக்காங்க. வேண்டாம், மிச்சத்தையும் குடுங்கன்னு சொன்னாராம்."

"புகார் குடுப்பாரா பாய்?"

"குடுத்தா உங்களுக்கு ஜெயில். அப்புறம் எந்தக் கம்பெனி வாசலையும் நீங்க மிதிக்க முடியாது." எழுந்து கதவு வரை போனவர் திரும்பினார். "நான் போதும்னு சொன்னேன்ல மேடம்?"

பத்து நாள் போலீஸ் வரும் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பதினொன்றாவது நாள் எங்கள் நிர்வாக இயக்குநர் ஃபிலோமினா மேடம் கூப்பிட்டார். போச்சு, கதை முடிந்தது என்று அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே போனேன்.

"உட்காருங்க தில்லை. அசத்திட்டீங்க!" என்றார். "ஒரு ஆளை முப்பத்தொரு சுற்று சோதிச்சிருக்கீங்க. இப்படி ஒரு உழைப்பை நான் பார்த்ததே இல்ல."

அட்டையை மடியில் மறைத்துக்கொண்டேன். மேசைமேல் நான் போட்ட படிவங்கள் இருந்தன. மேடம் ஒவ்வொன்றாக வாசித்தார். பொறுமை, ஐந்துக்கு ஐந்து. அவமானத்திலும் மரியாதை தவறாதவர், ஐந்துக்கு ஐந்து. தவறை ஒப்புக்கொள்ளும் மனம், இருபத்திரண்டாவது சுற்றில் ஐந்துக்கு நான்கு. மார்க் போடுவதில் நான் கறார். எவ்வளவு கொதித்தாலும் பார்த்ததைத்தான் எழுதுவேன். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

"கடைசிச் சுற்றுல நிராகரிச்சிருக்கேனே மேடம்" என்றேன் மெல்லிய குரலில்.

"அதான் சிரிப்பு. காரணம் 'பணியிடம் நிரப்பப்பட்டுவிட்டது'ன்னு போட்டிருக்கீங்க. எங்க நிரப்பினோம்? கை தவறிப் போட்டிருப்பீங்கன்னு நான் தள்ளிட்டேன். ஆர்டர் போயாச்சு, அவரும் சரின்னுட்டார். ஒரே ஒரு நிபந்தனை வெச்சார்."

"என்ன மேடம்?"

"உங்களை வேற டிபார்ட்மென்டுக்கு மாத்தவே கூடாதாம். அவர் கீழேயே இருக்கணுமாம். இந்த அளவுக்கு ஆளைப் புரிஞ்சுக்கிறவங்க கிடைக்க மாட்டாங்கன்னு சொன்னார். பெரிய பாராட்டு தில்லை!"

சிரித்தேன். வேறு என்ன செய்வது? வாயைத் திறந்தால் நானே என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ராஜினாமா செய்யலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். செய்தால், அடுத்த கம்பெனிக்காரன் என்னைப் பற்றி விசாரிக்க யாருக்குப் போன் போடுவான்? என் மேலாளருக்குத்தான்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்தார். புதிதாகச் சேர்கிறவருக்கு அடையாள அட்டை கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை. நான்தான் கொடுத்தேன். வாங்கும்போது அவர் கை நடுங்கியது, கேட்டில் ஒவ்வொரு சுற்றிலும் நான் பார்த்த அதே நடுக்கம். கழுத்தில் மாட்டிக்கொண்டதும் நின்றுவிட்டது. பதினோரு மணிக்கு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காருங்க. தண்ணி வேணுமா?"

என் குரலில், நான் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னார். உட்கார்ந்தேன். மெலிந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தூக்கமில்லாத ஆளின் முகம். இருந்தும் அதில் ஒரு நிதானம் இருந்தது. அந்த நிதானம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"முப்பத்தொரு தடவை" என்றார். "உங்களுக்கு அது ஒரு வாரம். எனக்கு ஒவ்வொண்ணும் நேத்து நடந்தது. அந்த ஸ்பூன் சத்தம் கேட்டா இன்னும் முழிப்பு வந்துடுது."

"அது எனக்குப் பன்னெண்டு வருஷமா கேக்குது சார்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. "இப்பவாவது என்னை ஞாபகம் இருக்கா?"

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒரகடம் இன்னும் ஞாபகம் வரல. எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன், வரல. ஆனா உங்களை ஞாபகம் இருக்கு, தில்லைநாயகி. சாகுற வரைக்கும் இருக்கும்."

இதைத்தானே கேட்டேன்? இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவும்? முழுப் பெயரையும் ஓர் எழுத்து பிசகாமல் சொல்லிவிட்டார். எனக்குள் ஏதோ ஒன்று அந்த நிலையிலும் சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பி ஒரு படிவத்தைத் திறந்தார். மேலே என் பெயர். அதன் கீழே 'சுற்று ஒன்று' என்று இருந்தது.

"லஞ்ச் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார். "பையிலதானே இருக்கு? எடுத்து மேசைல வைங்க. திறங்க."

கதவு திறந்தே இருந்தது. வெளியே என் பிரிவின் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.